சித்திரை வெயிலில் பாரமீசியம்: ஊருணித் தண்ணீரிலிருந்து உட்கரு தெரியும் ஸ்லைடு வரை

காரைக்குடிப் பக்கத்து ஊருணி ஒன்றிலிருந்து எடுத்த பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி இந்தக் கோடையை முழுசாகத் தாண்டிவிட்டது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளைத் தூசி நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அசிட்டோகார்மைன் சாயம் சேர்த்தால் பெரிய உட்கருவும், அதன் பள்ளத்தில் ஒட்டிக் கிடக்கும் சின்ன உட்கருவும் தனித்தனியாகத் தெரிகின்றன. உட்கரு உள்ள செல், அதாவது யூகேரியோட் செல் என்று பாடத்தில் வருகிற இடத்தில் பள்ளிகளில் காட்டுவது பெரும்பாலும் கடையில் வாங்கிய நிரந்தர ஸ்லைடுதான். அதையே உயிரோடு வளர்த்து, கையால் சாயம் ஏற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்காக முறை, அளவு, செலவு, கெட்டுப்போகிற இடங்கள் எல்லாம் இங்கே. அமீபா வளர்ப்பு மட்டும் தோற்றது, அதையும் எழுதியிருக்கிறோம்.

மைக்ராஸ்கோப் சாதாரண மாணவர் ரகம் போதும். வேலையில் முக்கால்வாசி, தீனியைக் குறைத்துப் போடுவதில் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் வளர்ப்பு சாவது பட்டினியால் அல்ல, விருந்தால்.

தண்ணீர் எடுக்கும் இடம்

குடிதண்ணீர் ஊருணி இதற்கு வேண்டாம். அதில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஒரு பக்கம். சுத்தமாகக் காக்கப்படும் தண்ணீரில் அழுகும் இலை குறைவு, அதனால் பாக்டீரியா குறைவு, அதைத் தின்னும் பாரமீசியமும் குறைவு என்பது இன்னொரு பக்கம். குளிக்கிற ஊருணி, கண்மாய் மடையை ஒட்டித் தேங்கிய குட்டை, அல்லி படர்ந்த தெப்பக்குளத்து மூலை இவைதான் தோது. துணி துவைக்கும் துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய்விடவும். சோப்பும் டிடர்ஜெண்டும் செல்லின் மேற்சவ்வைக் கரைத்துவிடும். நுரை ஒதுங்குகிற கரையில் மொண்ட தண்ணீரில் சுழல்விலங்குகள் என்ற நுண்பிராணிகள்கூடத் தேறவில்லை.

அரை லிட்டர் அகலவாய் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மேலே காற்று. தண்ணீரோடு அழுகிய அல்லித் தண்டில் ஒரு துண்டு, கைப்பிடி மக்கிய இலை, கொஞ்சம் மேல்வண்டல். தெளிந்த நடுத்தண்ணீரை மட்டும் மொண்டு வந்தால் ஒன்றும் கிடைக்காது. மூடியை இறுக்க வேண்டாம். பைக் டேங்க் மேல் வெயிலில் வைத்துக் கொண்டுவந்த பாட்டில் வீடு வருவதற்குள் பாதி செத்திருக்கும். ஈரத்துணி சுற்றித் துணிப்பையில் வைக்கவும்.

ஒரு எச்சரிக்கை. சூடான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. அந்தத் தொற்று மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். முகத்தில் தெறிக்காமல் மொள்ளவும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் அறவே கூடாது. ரப்பர் குமிழ் வைத்த ஃபில்லர் போதும்.

இந்தப் பக்கத்துத் தண்ணீரில் செம்மண் கலங்கல் இருக்கும். தெளிய வைக்கப் படிகாரமோ தேத்தாங்கொட்டையோ போடத் தோன்றும், போட வேண்டாம். இரண்டும் மண்துகளைத் திரட்டிக் கீழே இறக்கும்போது நுண்ணுயிர்களையும் சேர்த்தே இறக்கிவிடும். படிகாரம் போதாக்குறைக்குத் தண்ணீரை அமிலமாக்கவும் செய்யும். ஒரு ராத்திரி அசையாமல் வைத்தாலே தேவையான அளவு தெளிகிறது.

பிறகு துணி வடிகட்டல். பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டு ஒற்றை மடிப்பில் இதற்கு அருமையாக உதவுகிறது. கொசுப்புழு, சைக்ளோப்ஸ் (இறால் இனத்துச் சிறு நீர்ப்பிராணி), நீர்த்தெள்ளு எல்லாம் மேலே நின்றுவிடும். பாரமீசியம் நீளத்தில் கால் மில்லிமீட்டர் இருந்தாலும் அகலத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான், வளைந்து நெளிந்து இறங்கிவிடும். நாலு மடிப்பாக வடித்தால் அதுவும் நின்றுவிடும். இந்த வடிகட்டலைத் தவிர்த்த பாட்டிலில் பத்து நாளில் சைக்ளோப்ஸ் மட்டும் மிஞ்சும்.

வைக்கோல் தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதில் பாரமீசியத்தை விட்டால் சுருங்கும் நுண்குமிழ்கள் வேகமாகத் துடிப்பதை மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம், உள்ளே புகும் நீரை வெளியேற்ற அவ்வளவு பாடுபடுகிறது. எங்களுக்கு ஒத்து வந்தது, அந்தந்த ஊருணித் தண்ணீரையே வடிகட்டிப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து ஆற்றியது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் நெல் வைக்கோல், 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கியது. முழுக் கோதுமை 15 மணி. கால் மணி நேரம் கொதிக்கட்டும். கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டால் வைக்கோல் கூடிப்போயிற்று என்று அர்த்தம்; இளமஞ்சளில் நிறுத்த வேண்டும். வைக்கோலில் பாதியை எடுத்துப் போட்டுவிட்டு, கோதுமையை உள்ளேயே விடவும். மெதுவாகக் கரைந்து தீனி கொடுப்பது அதுதான்.

புது அறுவடை வைக்கோலில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கலாம். ஒரே கொதிப்பு, ஒரே தண்ணீர், வைக்கோல் மட்டும் வேறு என்று வைத்துப் பார்த்ததில் புது வைக்கோல் பாட்டிலில் ஒன்றும் பெருகவில்லை. மழையில் நனைந்து காய்ந்த பழைய போர் வைக்கோலில் பெருகியது. மாட்டுக்குப் போடுகிற பழைய போரின் உள்பக்கத்திலிருந்து ஒரு பிடி உருவிக்கொள்வது நல்லது.

ஆறிய தண்ணீரை அகலவாய்க் கண்ணாடிச் சாடியில், நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றவும். ஆழம் கூடினால் அடியில் பிராணவாயு எட்டாது. வாயில் வேட்டித் துணி, ரப்பர் பேண்டு. இந்தத் துணி அலங்காரத்துக்கு இல்லை. திறந்து வைத்த சாடியில் இரண்டு ராத்திரிக்குள் கொசு முட்டையிடும், புழு வந்தால் பாரமீசியத்தைத் தின்றுவிடும், வீட்டுக்கு டெங்கு பயம் வேறு.

இரண்டு நாளில் மேலே மெல்லிய ஏடு படியும். வைக்கோலில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கி நின்று முளைப்பதால் வருவது. இந்த ஏடு வந்த பிறகுதான் வடிகட்டிய ஊருணித் தண்ணீர் 50 மி.லி. சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் தின்ன எதுவும் இல்லை.

பழைய செய்முறைக் குறிப்புகளில் ‘இரண்டு சொட்டுப் பால்’ என்று இருக்கும். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. இங்கே 30 டிகிரிக்கு மேல் பாக்டீரியா அசுர வேகத்தில் பெருகி, பிராணவாயுவை முழுக்கத் தின்றுவிடும். மறுநாள் காலையில் சாடி அழுகல் முடை அடிக்கும், உள்ளே ஒன்றும் நகராது. வீட்டில் ஆச்சி இருந்தால் தெர்மாமீட்டர், பி.எச். தாள் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் மூக்கு சொல்லிவிடும்: “அப்பச்சி, அந்தச் சாடியைக் கொண்டுபோய்க் கொட்டுப்பா.” கொட்டிவிடலாம், அந்த நிலையிலிருந்து மீட்க வழியில்லை. நல்ல வளர்ப்பு, மழை நனைந்த வைக்கோல் மணத்தோடு நிற்கும்.

பி.எச். 6.8 முதல் 7.5 வரை இருந்தால் கவலை இல்லை. வைக்கோல் நொதித்து 6-க்குக் கீழே போனால் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள். ஓட்டை உள்தோல் உரித்து, வறுத்து, பொடித்து வைத்துக்கொள்ளவும். வெள்ளைக்கருவைச் சுவர்ப்பூச்சுக்குச் சேர்த்த ஊரில் ஓடும் வீணாகக் கூடாது இல்லையா. சுண்ணாம்பு நீர் வேண்டாம். ஒரு சொட்டு கூடினாலும் பி.எச். எகிறிவிடும். ஓட்டுத் தூள் தேவைக்கு மேல் கரையாது.

யார் முதலில் வருவது

சாடியில் ஒரே நாளில் பாரமீசியம் தோன்றாது. முதலில் பாக்டீரியா, அடுத்து மிகச் சிறிய கசையிழை உயிரிகள், பிறகு கால்போடா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரி, அதன் பின்னால்தான் பாரமீசியம் பெருகும். மணி வடிவ வோர்ட்டிசெல்லாவும் அமீபாக்களும் கடைசியில். வைக்கோல் சாற்றில் இந்த வரிசையை அமெரிக்க உயிரியலாளர் உட்ரஃப் 1912-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஊருணித் தண்ணீர் சேர்த்த சாடியில் வரிசை கொஞ்சம் முன்பின் ஆகும், பெரிய மாற்றம் இல்லை.

ஏமாற்றுவது கால்போடா. நீந்த உதவும் குறு இழைகள் இருக்கும், சுழன்று ஓடும், எண்ணிக்கையும் கொழிக்கும். ‘வந்துவிட்டது’ என்று சாடியை மூடி வைத்துவிடுவார்கள். கால்போடா சிறுநீரக வடிவம், நீளம் பாரமீசியத்தில் பாதிகூட வராது. உலர்ந்த கூடாக வைக்கோலிலேயே ஒட்டிக் கிடந்து, ஈரம் பட்டதும் வெளிவரக்கூடியது. ஆகவே அளக்காமல் பெயர் வைக்க வேண்டாம்.

அளப்பதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (நுண்கோடு போட்ட அளவு ஸ்லைடு) வாங்கத் தேவையில்லை. ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்) மேல் 18 என்று புல எண் எழுதியிருந்தால், அதை அப்ஜெக்டிவ் (ஸ்லைடுப் பக்கத்து லென்ஸ்) எண்ணால் வகுத்தால் பார்வை வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் கிடைக்கும்: 4-க்கு 4.5, 10-க்கு 1.8, 40-க்கு 0.45. எண் எழுதாத ஐபீஸானால், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை 4 மடங்கு அப்ஜெக்டிவின் கீழ் வைத்து மில்லிமீட்டர் கோடுகளை எண்ணிக்கொள்ளலாம். 10 மடங்கில் வட்டத்தின் ஒன்பதில் ஒரு பங்கு நீளம் இருந்தால் 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்). பாரமீசியம் காடேட்டம் ஏறக்குறைய 170 முதல் 300 மைக்ரான் வரை, பின்முனை கூர். ஆரேலியா வகை அதைவிடச் சிறியது, பின்முனை உருண்டை. உள்ளே பச்சையாக இருந்தால் பர்சேரியா. குளோரெல்லா பாசியைத் தன்னுள்ளேயே வைத்து வளர்ப்பது. எங்கள் சாடியில் நின்றது காடேட்டம்.

எண்ணிக்கைக்கு: ஃபில்லரில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று முதலில் சிரிஞ்ச் வைத்துப் பார்த்துக்கொள்ளவும், பொதுவாக 20. ஒரு சொட்டில் அயோடின் துளி தொட்டால் ஓட்டம் நின்றுவிடும். 12 எண்ணினால் மி.லி.க்கு 240. ஒரு மி.லி.க்கு நூறுக்குக் கீழே இருந்தால் ஸ்லைடில் தேடித் தேடிக் கண் வலிக்கும். அந்த நிலையில் சாயம் ஏற்றும் வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

சூடு

25 டிகிரியை ஒட்டி நன்றாகப் பெருகுகிறது. 30-ஐத் தாண்டினால் கண்காணிப்பு வேண்டும், 35-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் சாடியை மறந்துவிடலாம். காங்கிரீட் மாடியறை அலமாரிதான் மிக மோசமான இடம். ராத்திரி எட்டு மணிக்கும் அங்கே சூடு இறங்காது. ஃபிரிட்ஜும் தீர்வல்ல. அந்தக் குளிரில் பெருக்கம் நின்றுவிடும்.

பழைய வீடுகளின் இரண்டாங்கட்டு, முற்றத்தை ஒட்டிய தரைமூலை, வெயில் நேரே விழாத இடம்: இங்கே ஆத்தங்குடிக் கல் தரையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் பழைய உத்தி ஒன்று. தண்ணீர்ப் பானை வைக்கிற ஈர மணலைப் போல, அகல மண்தட்டில் 5 சென்டிமீட்டர் ஆற்றுமணல் பரப்பி நனைத்து, சாடிகளைப் பாதி புதைத்து, மேலே ஈரச் சாக்கு. காலையிலும் மத்தியானமும் மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளியே 38 காட்டிய மத்தியானம் சாடித் தண்ணீரில் 29 இருந்தது. காற்றில் ஈரம் கூடிய நாளில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மேகமூட்டமான புழுக்க நாள்தான் நிஜமான ஆபத்து, காய்ந்த வெயில் இல்லை.

ஆவியாகிக் குறையும் தண்ணீரை வாரம் இருமுறை கொதித்து ஆறிய தண்ணீரால் ஈடுகட்டவும். தீனி, லிட்டருக்கு இரண்டு வேகவைத்த கோதுமை மணி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதே நேரத்தில் புதுச் சாடிக்கு 100 மி.லி. பிரித்து ஊற்றவும். எப்போதும் மூன்று சாடி, மூன்றும் வெவ்வேறு இடத்தில். ஒன்று சைக்ளோப்ஸுக்கும் இன்னொன்று சூட்டுக்கும் போனால் மூன்றாவது காப்பாற்றும்.

திரட்டுவது

பாரமீசியத்துக்கு மேல்நோக்கி நீந்தும் குணம் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொண்டால் மையச்சுழலி (சென்ட்ரிஃப்யூஜ்) தேவையில்லை. ஒடுங்கிய நீளக் கழுத்துள்ள 100 மி.லி. அளவுக் குடுவையில் கழுத்தின் அடி வரை வளர்ப்பை ஊற்றவும். அதன் மேல் தளர்வாகப் பஞ்சு. நீர்மட்டத்தைத் தொட வேண்டும், அழுத்தி அடைக்கக் கூடாது. பஞ்சின் மேல் மெதுவாக, சுவரோரமாக, கொதித்து ஆறிய சுத்தத் தண்ணீர் 5 மி.லி. கழுத்துக்குக் கீழே கறுப்புத் துணி சுற்றவும். முக்கால் மணி நேரத்தில் பஞ்சு வழியாக ஏறி மேல் தண்ணீரில் கூடி நிற்கும். மேல் 2 மி.லி.யை மட்டும் உறிஞ்சினால், வைக்கோல் குப்பையும் பாக்டீரியாவும் பெரும்பாலும் இல்லாத திரண்ட சரக்கு. குடுவை இல்லாதவர்கள் நீளக் கழுத்துச் சாஸ் பாட்டிலில் செய்யலாம். கழுத்து அகலமானால் நேரம் கூடும்.

உயிரோடு பார்க்கும்போது ஓட்டத்தை அடக்க மெத்தில் செல்லுலோஸ் 3 சதவீதக் கரைசல். இந்தப் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் நேரே கொட்டினால் கட்டி கட்டியாகி, எத்தனை கலக்கினாலும் கரையாது. 50 மி.லி. கொதிநீரில் 3 கிராமைத் தூவிக் கலக்க வேண்டும். சூட்டில் அது கரையாது, பொடிப்பொடியாகப் பரவி நிற்கும். பிறகு 50 மி.லி. ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் தெளிந்த பசையாக மாறும். சமையலறையில் எல்லாம் சூட்டில் கரையும் என்ற பழக்கம் இங்கே தலைகீழ். பொடி இல்லாவிட்டால் பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டு வேலி கட்டலாம், இழைகளுக்கு நடுவே சிக்கி ஒரே இடத்தில் சுற்றும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயஃபிரத்தைச் சுருக்கி வைத்தால்தான் சாயமில்லாத செல் தெரியும். சாயம் ஏற்றிய ஸ்லைடுக்கு அதையே விரித்துவிடவும்.

சாயம்

முதலில் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் புளூ. மலிவு, கன்னத்தின் உள்தோல் செல்லுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பாரமீசியத்தில் பாக்டீரியா நிறைந்த உணவுக் குமிழ்கள் முதலில் நீலமாகி, அவற்றின் கும்பலில் உட்கரு எது என்று சொல்ல முடியாமல் போகிறது. நிறைய பேர் பெரிய உணவுக் குமிழைக் காட்டி உட்கரு என்று படம் எடுத்துப் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது மெத்தில் கிரீன்: 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 1 சதவீதச் சாயம். அமிலத்துக்குத் தனியாக அலைய வேண்டாம். 5 சதவீதம் என்று எழுதிய வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு; 4 சதவீதம் என்றால் தண்ணீர் மூன்று பங்கு. இரண்டு மூன்று நிமிஷத்தில் பெரிய உட்கரு நீலப்பச்சையாக, தெளிவாக எழும். பாடத்துக்கு இதுவே போதும். சின்ன உட்கரு மட்டும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதற்குத்தான் அசிட்டோகார்மைன். 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 1 கிராம் கார்மைன். குடுவையின் வாயில் புனல் கவிழ்த்து மெல்லிய தீயில் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்ட வேண்டும். புகை தொண்டையைக் கமறும், வெளியிடத்தில் செய்யவும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுவதுதான் முறை. கார்மைன் பொடி விலை அதிகம். ஒரு பள்ளிக்குத் தயார் கரைசலே லாபம்.

செல்லின் மேல் இந்தச் சாயத்தை நேரே ஊற்றினால் நடப்பது: தோலுக்கடியில் இருக்கும் டிரைக்கோசிஸ்டுகள் ஒரே நொடியில் வெடித்து நீள இழைகளாக வெளியே நீட்டிக்கொள்ளும், செல் உப்பும், கவர்ஸ்லிப் எடையில் கிழியும். அந்த இழைகளைக் குறு இழைகள் என்று எண்ணிவிட வேண்டாம். குறு இழை பத்து மைக்ரான் சுமாருக்குத்தான், இவை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. டிரைக்கோசிஸ்டைத் தடுக்க முடியாது. கிழிவதைத் தடுக்கலாம், அதற்குத் தண்ணீர்ப் படலத்தின் கனத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். 18 மில்லிமீட்டர் சதுரக் கவர்ஸ்லிப்பின் பரப்பு 324 சதுர மில்லிமீட்டர். அதன் கீழே 0.02 மி.லி. இருந்தால் படலம் சுமார் 60 மைக்ரான், செல்லின் கனத்தை ஒட்டி வருகிறது. ஃபில்லர் சொட்டு 0.05 மி.லி.; அது 150 மைக்ரான், செல்கள் மேலும் கீழும் மிதந்து ஃபோகஸுக்கு வராது. ஊசி கழற்றிய 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் 0.02 கோடு இருக்கிறது, அதை வைத்தே எடுக்கலாம்.

நாங்கள் நிலைநிறுத்திய முறை இது. திரட்டிய சரக்கு 0.02 மி.லி., பக்கத்தில் சாயம் 0.02 மி.லி. சாயத் துளியைத் துருப்பிடித்த தையல் ஊசியால் நாலைந்து முறை கிண்டவும். துருவின் இரும்பு கார்மைனை உட்கருவோடு பிடிக்க வைக்கிறது, துளியின் சிவப்பு லேசாக ஊதாவுக்குத் திரும்பும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும், மேலும் கிண்டினால் கறுப்பு மண்டி விழும். இரண்டு துளிகளையும் சேர்த்து, ஈரத்தாள் விரித்த மூடிய டப்பாவுக்குள் பத்து நிமிஷம். கவர்ஸ்லிப்பின் நாலு மூலையிலும் கடுகில் பாதி வாசலின் தொட்டுக் கவிழ்க்கவும். ஸ்பிரிட் விளக்குக்கு மேலே இரண்டு மூன்று முறை காட்டவும், புறங்கையில் வைத்தால் பொறுக்கிற சூடு. குமிழி வந்தால் கெட்டது. பிறகு ஓரத்தில் பிளாட்டிங் தாளைத் தொட்டு மிச்ச நீரை உறிஞ்சியபடியே 10 மடங்கில் பார்க்கவும். செல்கள் அசையாமல் படிந்ததும் தாளை எடுத்துவிட்டு 40-க்குப் போகவும்.

சரியாக வந்த ஸ்லைடில் செல் இளஞ்சிவப்பு, பெரிய உட்கரு கருஞ்சிவப்பில் நடுவே, ஒரு பக்கம் குழிந்து. அந்தக் குழியில் ஒட்டினாற்போல் ஒரு சிறு அடர்புள்ளி, அதுதான் சின்ன உட்கரு. ஃபைன் ஃபோகஸை மெல்ல முன்னும் பின்னும் திருப்பினால் பெரியது மங்கும்போது சிறியது கூர்மையாகும் ஒரு தளம் உண்டு. அங்கே படம் எடுக்கவும். காடேட்டத்தில் ஒரு புள்ளி, ஆரேலியாவில் இரண்டு. கூர்முனை, உருண்டைமுனை என்ற சந்தேகம் இருந்தாலும் இந்த எண்ணிக்கை தீர்த்துவிடும்.

பிளவுபடும் செல் வேண்டுமானால் மாலையில் தீனி போட்டு மறுநாள் காலையில் திரட்டவும். நடுவே இடுப்பு ஒடுங்கிய செல்களில் பெரிய உட்கரு நீண்டு இழுபட்டு நிற்பதும், சின்னது இரண்டாகி இரு முனைக்கும் விலகியிருப்பதும் ஒரே ஸ்லைடில் கிடைக்கும்.

இதே சாயத்தை ஊருணியின் பச்சை ஏட்டிலும் ஏற்றிப் பார்ப்பது அவசியம் என்பது எங்கள் கருத்து. பெயிண்ட் ஊற்றியதுபோல் படரும் மைக்ரோசிஸ்டிஸ் நீலப்பசும்பாசி. எத்தனை நேரம் ஊறினாலும் அதில் உட்கரு என்று தனியாக எதுவும் எழாது. சில குளங்களில் உச்சி வெயிலில் செங்கல் நிற ஏடு படியும், அது பெரும்பாலும் யூக்ளினா சாங்குவினியா. அதில் உட்கரு உண்டு. கரையில் நின்று பார்த்தால் இரண்டும் வெறும் பாசி.

காங்கோ ரெட் ஈஸ்ட்

உணவுக் குமிழில் நடப்பதைப் பார்க்க இது. 3 கிராம் ஈஸ்ட், 30 மில்லிகிராம் காங்கோ ரெட் சாயம், 10 மி.லி. தண்ணீர், பத்து நிமிஷம் மெல்லக் கொதிக்க வைத்து, பாரமீசியச் சொட்டில் பல்குத்தி முனையளவு சேர்த்தால் போதும். விழுங்கிய சிவப்பு ஈஸ்ட், உணவுக் குமிழில் அமிலம் ஏறும்போது நீலமாகும், பிறகு மறுபடி சிவப்புக்குத் திரும்பும். சாயம் கையில் படக் கூடாது, கையுறை கட்டாயம். 30 மில்லிகிராம் நிறுக்கத் தராசு இல்லாவிட்டால் 0.3 சதவீதக் கரைசல் செய்து 10 மி.லி. எடுத்து அதிலேயே ஈஸ்டைக் கலக்கவும்.

அமீபா

பாடப்புத்தக அமீபா புரோட்டியஸ் வளரவில்லை. ஏட்டில் தெரிந்த சிறு அமீபாக்களைத் தனியே பிரித்தபோதும் பெரியது எதுவும் வரவில்லை. அது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும், உப்பு மிகக் குறைந்த தெளிந்த நீரும் கேட்பது. ஈர மணல் தட்டு 29-க்குக் கீழே இறங்காத பருவத்தில் அதைத் தொடங்கியதே வீண். மார்கழி, தை ராத்திரிகளில் வைக்கோல் இல்லாமல், வேகவைத்த அரிசி நாலு மணி மட்டும் போட்ட ஆழமில்லாத தட்டில், பாரமீசியத்தையே இரையாகக் கொடுத்து முயல வேண்டும்.

செலவு

பழைய மாணவர் மைக்ராஸ்கோப் 4,500 ரூபாய். அதைத் தவிர்த்து: ஸ்லைடு 50 அடங்கிய பெட்டி 130, கவர்ஸ்லிப் 100, அசிட்டோகார்மைன் தயார் கரைசல் 125 மி.லி. 300, மெத்திலீன் புளூ 40, பி.எச். தாள் 80, சாடிகள் மூன்றுக்கு 240, சிரிஞ்ச், ஃபில்லர், வாசலின் சேர்த்து 70. வைக்கோல், மணல், துணி, முட்டை ஓடு காசில்லை. மெத்திலீன் புளூவை வாங்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த முறை மாற்றுவது: ஐப்பசி மழைக்குப் பிறகு, ஊருணி நிரம்பிக் கலங்கல் அடங்கியதும் தொடங்குவது, கோடைக்குள் இனம் பலமாகிவிடும். மண்தட்டுக்குப் பதில் சுவர் கனமான மண்தொட்டி. கவர்ஸ்லிப் 22 மில்லிமீட்டர். பரப்பு ஒன்றரை மடங்கு, 0.03 மி.லி. வரை தாங்கும், கைநடுக்கத்துக்கு இடம் கொடுக்கும்.

பழைய வளர்ப்பைத் திரும்ப ஊருணியில் ஊற்ற வேண்டாம். கொதிக்க வைத்து வாழையடியில் ஊற்றலாம். காங்கோ ரெட் பட்டதையும் கார்மைன் கழிவையும் தனிப் பாட்டிலில் சேர்த்து ஆய்வுக்கூடக் கழிவோடு கொடுக்கவும்.